வென்ற இரவில் தோற்றவர்

1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பிரித்தானியாவில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. பதின்மூன்று ஆண்டுகளாக ஆண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சி இம்முறை ஆட்சியை இழக்கும், அல்லது பெரும்பான்மையையேனும் இழக்கும் என்றே கருத்துக் கணிப்பாளரில் பெரும்பாலோர் கூறிவந்தனர். வாக்குகளை எண்ணத் தொடங்கியபோதோ கதை வேறாயிற்று. அக்கட்சிக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அந்நாட்டில் அதற்கு முன்னர் எந்தக் கட்சியும் அத்தனை வாக்குகளைப் பெற்றதில்லை. 21 இடங்கள் பெரும்பான்மையுடன் ஜான் மேஜர் மீண்டும் பிரதமரானார்.

அத்தேர்தல் வேலைகளையெல்லாம் முன்னின்று நடத்தியவர் கட்சியின் அமைப்புத் தலைவரும் அமைச்சரவை உறுப்பினருமாகிய கிறிஸ் பேட்டன். ஆனால் அதே இரவில், பாத் என்னும் பழம்பெரும் நகரத்தில், பதின்மூன்று ஆண்டுகளாகத் தம்மைத் தேர்ந்தெடுத்த சொந்தத் தொகுதியிலேயே அவர் தோற்றுப்போனார். ஊருக்கெல்லாம் விருந்து சமைத்தவர் தாம் பட்டினியாய்ப் படுக்கச் சென்ற கதைதான். அவரது தோல்விச் செய்தி வந்தபோது சொந்தக் கட்சிக்காரர் சிலர் கூடியிருந்த விருந்தொன்றில் ஆரவாரம் எழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எதிரி சிரித்தால் தாங்கலாம்; பங்காளி சிரித்தால் எப்படித் தாங்குவது?

இம்மனிதரைப் பற்றி எழுத நாம் எண்ணியதற்குக் காரணம் அவர் கத்தோலிக்கர் என்பது மட்டுமன்று. கத்தோலிக்கராய்ப் பிறந்த அரசியல்வாதிகள் உலகில் ஏராளம். அவர்களுள் பலரைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம். பேட்டன் அவர்களின் வாழ்வில் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அவர் செய்தவற்றுள் நிலைத்து நிற்பவை பலவும் அந்தத் தோல்விக்குப் பின்னரே செய்யப்பட்டவை. அவற்றுள்ளும் ஒன்று, தாய்மார் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்க வேண்டிய காரியமாயிருந்தது. அதனைச் சொல்வதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

கிறிஸ்டோபர் பேட்டன் 1944-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் கடற்கரையூர் ஒன்றில் பிறந்தார். அவருடைய முன்னோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி லங்காஷயருக்கு வந்து குடியேறிய கத்தோலிக்கர். தந்தையார் ஜாஸ் இசைக் குழுவில் மேளம் வாசித்தவர். பின்னர் இசைத் தாள்களை வெளியிடும் தொழிலில் ஈடுபட்டு லண்டனின் மேற்குப் புறநகரில் குடும்பத்தை நடத்தினார். பெரிய சொத்தோ பரம்பரைப் பெயரோ கிடையாது. ஈலிங்கில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் நடத்திய புனித பெனடிக்ட் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தார். அங்கிருந்து ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்குச் சென்று வரலாறு பயின்றார்.

கன்சர்வேட்டிவ் கட்சி என்றாலே நிலக்கிழார்களும் படைத் தளபதிகளும் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த கனவான்களும் கூடிய சபை என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கத்தோலிக்கர் அமரலாம் என்ற உரிமையே 1829-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அவ்வுரிமையைத் தந்த சட்டத்தை நிறைவேற்றியது அக்காலக் கன்சர்வேட்டிவ்களாகிய டோரிக் கட்சியின் அரசுதான் என்பது ஒரு விந்தை. எனினும் அயர்லாந்திலிருந்து குடியேறியோரின் பேரப் பிள்ளைகள் பெரும்பாலும் தொழிற்கட்சிக்கே வாக்களித்து வந்தனர். பேட்டன் அவ்வழி செல்லவில்லை. 1965-இல் பயண உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றவர், நியூயார்க் மேயர் பதவிக்கு நின்ற ஜான் லிண்ட்சே என்பவருக்காகத் தேர்தல் வேலை செய்தார். அங்கேதான் அவருக்கு அரசியல் பிடித்துப்போயிற்று. திரும்பியதும் பி.பி.சி. நிறுவனத்தில் காத்திருந்த பயிற்சி வேலையை வேண்டாமென்று விட்டுக் கட்சியின் ஆராய்ச்சித் துறையில் சேர்ந்தார். முப்பது வயதிலேயே அதன் இயக்குநரானார். 1971-இல் வழக்கறிஞரான லாவெண்டர் அம்மையாரை மணந்தார். பெண் குழந்தைகள் மூவர்.

1974-இல் லண்டனில் ஒரு தொகுதியில் நின்று தோற்றார். 1979-இல் பாத் நகரில் வென்றார். அவ்வாண்டே திருமதி மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அம்மையாருடைய கடுமையான பொருளாதாரக் கொள்கை ஏழைகளையும் வேலையற்றோரையும் நசுக்கும் என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுத்த இளைஞர் கூட்டத்தில் பேட்டனும் ஒருவர். ஆகவே பதவி அவரைத் தேடிவரச் சற்றுக் காலமாயிற்று. 1983-இல் வட அயர்லாந்து அலுவலகத்தில் துணை அமைச்சரானார். அங்கே லண்டன்டெரி நகர மன்றம் தன் பெயரை டெரி நகர மன்றம் என மாற்றிக்கொள்ள விரும்பியபோது அதற்கு இசைவளித்தவர் அவரே. கத்தோலிக்கருக்கு அவ்வூர் டெரி, புரோட்டஸ்டாண்டாருக்கு லண்டன்டெரி. ஒரு பெயருக்குள் முந்நூறு ஆண்டுப் பகை இருந்தது. அவர் செய்தது சிறிய காரியந்தான். அதற்கு எழுந்த எதிர்ப்போ பெரிது.

1986 முதல் மூன்றாண்டுகள் வறிய நாடுகளுக்கான உதவித் துறையைக் கவனித்தார். 1989 ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சராகி, முதன்முறையாக அமைச்சரவையில் அமர்ந்தார். சுற்றுச்சூழல் என்றதும் வாசகர்கள் மரஞ்செடிகளை நினைக்கக்கூடும். அவற்றுக்காகவும் அவர் உழைத்தார். 1990-இல் அரசின் சுற்றுச்சூழல் கொள்கையை முழுமையாக எடுத்துரைக்கும் வெள்ளை அறிக்கை அவர் பொறுப்பில் வெளிவந்தது. ஆனால் ஊராட்சி, நகராட்சி வரிகளும் அந்த இலாகாவையே சேர்ந்தவை. அங்கேதான் தலைவரி அவருக்காகக் காத்திருந்தது.

நம் ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று குடும்பத்துக்கு இவ்வளவு என வாங்குவதுண்டு. இதுவோ குடும்பத்துக்கு அன்று, ஆளுக்கு. அதுவரை வீட்டின் மதிப்பைப் பொறுத்து வாங்கப்பட்ட வரியை நீக்கிவிட்டு, வயது வந்த ஒவ்வொருவரும் ஒரே தொகை செலுத்த வேண்டும் என்று அம்மையாரின் அரசு சட்டம் செய்திருந்தது. மாளிகையில் தனியே வாழும் பிரபு ஒரு பங்கு கட்டுவார். சிறு வீட்டில் மனைவியோடும் வளர்ந்த பிள்ளைகள் இருவரோடும் வாழும் பஸ் ஓட்டுநர் வீட்டில் நான்கு பங்கு கட்ட வேண்டும். மிக வறியோருக்குத் தள்ளுபடி இருந்தது. எனினும் அவர்களும் ஐந்தில் ஒரு பங்காவது கட்டியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1989-லும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரலிலும் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், மார்ச் 31 அன்று, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் திரண்ட மக்களின் ஆர்ப்பாட்டம் கலவரமாய் முடிந்தது.

இவ்வரியை வகுத்தவர் பேட்டன் அல்லர். அவர் வருவதற்கு முன்பே அது சட்டமாகிவிட்டது. அது நியாயமான வரி என்று அவர் மனம் ஒப்பவுமில்லை. சுமையைக் குறைக்க நிதியமைச்சகத்திடம் கூடுதல் பணம் கேட்டு வாதாடினார்; கேட்ட அளவு கிடைக்கவில்லை. ஆயினும் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அதற்காகப் பேசினார். அமைச்சரவையின் முடிவு அமைச்சர் ஒவ்வொருவரின் முடிவு என்பது அந்நாட்டு மரபு. ஒப்பாதவன் விலக வேண்டும், இல்லையேல் சுமக்க வேண்டும். பேட்டன் விலகவில்லை, சுமந்தார்.

இதனைப் பற்றி நம் தீர்ப்பு என்ன? விலகியிருக்க வேண்டும் என்று சொல்வது நமக்கு எளிது. உள்ளே இருந்தால் கொஞ்சமாவது தணிக்கலாம் என்று எண்ணித் தங்கிவிடும் நல்லவர்களை எல்லா நாடுகளிலும் எல்லா அலுவலகங்களிலும் காண்கிறோம். சில வேளை அவர்கள் உண்மையாகவே தணிக்கிறார்கள். பல வேளை அவர்களுடைய நற்பெயரே அந்தத் தவறுக்குப் போர்வையாகிவிடுகிறது. இவ்வரி விஷயத்தில் பின்னது நடந்தது என்றே நாம் கருதுகிறோம். பாத் நகரத்து வாக்காளரும் அப்படியே கருதினார்கள் போலும். 1992-இல் அவரை வீழ்த்திய காரணங்களுள் தலைவரியின் கசப்பும் ஒன்று. 1993-இல் அவ்வரியே ஒழிக்கப்பட்டு வேறு வரி வந்தது. அதற்காகப் பழி சுமந்தவருக்கு மட்டும் தொகுதி திரும்பக் கிடைக்கவில்லை.

1990 நவம்பரில் தாட்சர் அம்மையாரின் தலைமைக்கு நெருக்கடி வந்தபோது, அமைச்சர்களை அவர் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். இனி வெல்ல இயலாது என்று நேரே சொன்னவர்களுள் பேட்டனும் ஒருவர். அம்மையாரின் பக்தர்கள் அதனை மறக்கவேயில்லை. தேர்தல் இரவில் எழுந்த ஆரவாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தோற்ற நண்பருக்கு மேஜர் பல வழிகளைக் காட்டினார். பிரபுக்கள் சபையில் இடம் தரலாம். பத்திரமான தொகுதியொன்றில் இடைத்தேர்தல் ஏற்பாடு செய்யலாம். இரண்டையும் விட்டு, ஹாங்காங்கின் ஆளுநர் பதவியைப் பேட்டன் ஏற்றார். வரிசையில் இருபத்தெட்டாமவர், அவரே கடைசி. 1984-இல் பிரித்தானியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1997 ஜூலை முதல் நாள் அக்குடியேற்ற நாடு சீனாவுக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் மக்களின் வாழ்க்கை முறை மாறாதிருக்கும் என்பது வாக்குறுதி.

1992 ஜூலை 9-ஆம் நாள் மனைவியோடும் பிள்ளைகளோடும் அவர் கரையிறங்கினார். ஆளுநர்கள் வழக்கமாய் அணியும் வெள்ளைச் சீருடையும் இறகு சூடிய தொப்பியும் இல்லை. சாதாரண அலுவலக உடை. அவருக்கு முன்னிருந்தவர்கள் பலர் குடியேற்ற நாட்டு நிர்வாகிகள், அல்லது சீன மொழி கற்ற ராஜதந்திரிகள். இவரோ வாக்குக் கேட்டுப் பழகியவர். தெருவில் நடந்தார், கடைகளில் முட்டைப் பணியாரம் வாங்கித் தின்றார், குறைகளைக் கேட்டார். 1993-இல் அரசின் தலைமைச் செயலராக ஆன்சன் சான் அம்மையாரை நியமித்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் சீனரும் முதல் பெண்ணும் அவரே. அவரும் கத்தோலிக்கர்.

1992 அக்டோபரில் ஆளுநர் வெளியிட்ட திட்டந்தான் பெரும் புயலைக் கிளப்பியது. சட்டமன்றத்தின் 60 இடங்களில் மக்கள் நேரே தேர்ந்தெடுப்பவை 20 மட்டுமே என்பது முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அதனை அவர் தொடவில்லை. ஆனால் தொழில்வாரியாக நிரப்பப்படும் இடங்களில் புதிதாக வரவிருந்த ஒன்பதை, முதலாளிகளுக்கு மட்டுமின்றி உழைப்போர் அனைவருக்கும் திறந்துவிட்டார். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தார். பெய்ஜிங் கொதித்தெழுந்தது. ஆயிரம் தலைமுறைக்கும் பாவி என்று சீன அதிகாரி ஒருவர் அவரைத் தூற்றினார். பெரும் வணிகர்கள் முகஞ்சுளித்தனர். சீனாவில் தூதராய் இருந்த சர் பெர்ஸி கிரேடக், இவர் வீணாகச் சீண்டுகிறார் என்று லண்டனிலிருந்தே தாக்கினார். 1994-இல் மசோதா சட்டமன்றத்தில் மயிரிழையில் பிழைத்தது. 1995 செப்டம்பர் தேர்தலில் மக்களாட்சி கோரியவர்கள் பெரு வெற்றி பெற்றனர். அப்படி அமைந்த சபையைச் சீன அரசு 1997 ஜூலை முதல் நாளிலேயே கலைத்துவிட்டது.

அப்படியானால் பேட்டன் செய்தது பயனற்றதா? நூற்றைம்பது ஆண்டுகள் வாக்குரிமையை மூட்டை கட்டி வைத்திருந்த பிரித்தானியா, வீட்டைக் காலி செய்யும் வேளையில் அதனை அவிழ்த்துக் காட்டியது என்று சீனர் சொன்ன குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. வியட்நாமிலிருந்து படகேறி வந்து கம்பி வேலிகளுக்குள் அடைபட்டிருந்தவர்களைக் கட்டாயப்படுத்தித் திருப்பியனுப்பும் வேலை அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. அவர் காலத்திலும் அது தொடர்ந்தது. இதனையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஆயினும் ஒன்று சொல்வோம். ஒரு தலைமுறை ஹாங்காங் மக்கள் ஒருமுறையேனும் தங்கள் ஆட்சியாளரைக் கேள்வி கேட்டுப் பழகினார்கள். அப்பழக்கத்தின் விலையை அவர்களே பின்னர் செலுத்தினார்கள். 2020-இல் பெய்ஜிங் விதித்த தேசப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பலர் சிறைப்பட்டனர். 2022 மே மாதத்தில், அந்நகரின் முன்னாள் ஆயராகிய 90 வயது கர்தினால் ஜோசப் சென் அவர்களே கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். பேட்டன் அதற்கெதிராகக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். ஹாங்காங் நாட்களில் எழுதிவைத்த நாட்குறிப்புகளையும் அவ்வாண்டே நூலாக வெளியிட்டார்.

1997 ஜூன் 30 இரவு கொட்டும் மழையில் கொடி இறங்கியது. அரச குடும்பத்தின் கப்பலில் ஏறி, கண்ணீர் வடித்த மூன்று பெண்களோடு அவர் துறைமுகத்தை விட்டுப் போனதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. இனி ஓய்வுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை.

1998 ஏப்ரல் 10-ஆம் நாள், அவ்வாண்டின் பெரிய வெள்ளிக்கிழமையன்று, வட அயர்லாந்தில் சமாதான உடன்பாடு கையெழுத்தாயிற்று. முப்பதாண்டுக் கலகத்தில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டிருந்தனர். ஆட்சி அமைப்பு, கைதிகள் விடுதலை, ஆயுதக் கைவிடல் என்று பலவற்றுக்கு அங்கே வழி கண்டார்கள். போலீஸ் படையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி காணவில்லை. அதனைத் தனி ஆணையத்திடம் விட்டார்கள். அந்த ஆணையத்துக்குத் தலைவராக, எதிர்க்கட்சியைச் சார்ந்தவரும் கத்தோலிக்கருமான பேட்டனைத் தொழிற்கட்சி அரசே தேர்ந்தெடுத்தது.

சிக்கல் இதுதான். ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி எனப்பட்ட அப்படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். மக்கள்தொகையிலோ நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். கத்தோலிக்கர் அதில் சேரவில்லை. சேர்ந்தால் சொந்தத் தெருவிலேயே துரோகி என்ற பெயர் வரும், ஐ.ஆர்.ஏ.யின் துப்பாக்கியும் தேடிவரும். அது தங்களை அடக்குவதற்கென்றே ஏற்பட்ட படை என்ற எண்ணமும் அனுபவத்தில் விளைந்ததே. மறுபுறம், அப்படையில் 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். படையின் பெயரும் சின்னமுமே அவர்கள் குடும்பங்களுக்கு எஞ்சிய பெருமை. ஒரு சாராருக்குக் காயமாயிருந்த பெயரே மற்றொரு சாராருக்குக் கல்லறை வாசகமாயிருந்தது.

ஆணையம் பணி தொடங்கிய அந்தக் கோடையிலேயே, ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதா மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று, ஓமா நகரின் கடைத்தெருவில் குண்டு வெடித்தது. சமாதானத்தை ஏற்காத ஒரு பிரிவினர் வைத்தது அது. இரு சமயத்தாருமாக 29 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தாள்.

பேட்டனும் உடன் உறுப்பினர் எழுவரும் ஊர் ஊராகச் சென்றார்கள். நகர மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூட்டம் போட்டு, பேச விரும்புவோரெல்லாம் பேசலாம் என்றார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்து பேசினர். கணவனைப் பறிகொடுத்த காவலர் மனைவியர் பேசினர். காவலரால் தம்மவரை இழந்ததாகக் கூறிய கத்தோலிக்கரும் பேசினர். அவற்றுள் பல, அதுவரை வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே பேசப்பட்டவை. குழுவினர் பதில் சொல்ல அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாக்குக் கேட்கும் அரசியல்வாதிக்கு மிகவும் கடினமான வேலை வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் என்பதை நாம் அறிவோம்.

1999 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 175 பரிந்துரைகள். படையின் பெயர் மாற வேண்டும். சின்னம் எந்த ஒரு நாட்டையும் குறிக்காததாய் இருக்க வேண்டும். காவலர் ஒவ்வொருவரும் மனித உரிமையைக் காப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய வாரியத்துக்குப் படை பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் சர்ச்சைக்குரியது, பத்தாண்டு காலத்துக்குப் புதிதாய்ச் சேர்ப்போரில் பாதிப் பேர் கத்தோலிக்கராகவும் பாதிப் பேர் மற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது. மாண்ட காவலரின் நினைவுக் கற்களை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும் என்றது அறிக்கை. இந்தச் சிறு வரியில்தான் அவர் கூட்டங்களில் கேட்டது தெரிகிறது என்று நமக்குப் படுகிறது.

புரோட்டஸ்டாண்டுத் தலைவர்கள் கொதித்தார்கள். தமக்குத் துணை நின்ற படையை ஒரு கன்சர்வேட்டிவ்காரரே கலைக்கிறாரே என்பது அவர்கள் துயரம். குடியரசுவாதிகளோ இது போதாது என்றார்கள். அரசு அறிக்கையைச் சட்டமாக்கும்போது நீர் கலந்தது என்ற குறையும் எழுந்தது. இருந்தும் 2001 நவம்பரில் வட அயர்லாந்துக் காவல் பணி என்ற புதுப் பெயரோடு படை எழுந்தது. கத்தோலிக்க ஆயர்கள் இளைஞர் சேரலாம் என ஆதரவு தந்தனர். காவலருக்குத் தன் சங்கத்தில் இடமில்லை என்று நெடுங்காலம் விதி வைத்திருந்த கேலிக் விளையாட்டுச் சங்கம் அவ்விதியை நீக்கியது. 2007-இல் சின் ஃபெயின் கட்சியும் படையை ஏற்றது.

இடையே பேட்டனுக்கு வேறு பதவிகளும் வந்தன. அவற்றை விரைந்து சொல்லிவிடுவோம். 1999 முதல் 2004 வரை பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் வெளிவிவகார ஆணையர். 2003 முதல் 2024 வரை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக வேந்தர். 2005-இல் பிரபுக்கள் சபை உறுப்பினர். இளமையில் வேண்டாமென்று விட்ட பி.பி.சி.க்கு 2011-இல் மேற்பார்வைத் தலைவராகவே போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நல்ல பெயர் கிட்டவில்லை. 2012-இல் மறைந்த அறிவிப்பாளர் ஒருவரின் இழிசெயல்கள் வெளியாகி நிறுவனமே ஆட்டங்கண்டது. அவர் நியமித்த தலைமை இயக்குநர் 54 நாட்களில் விலகினார். விலகியவருக்குக் கொடுத்த பெருந்தொகைக்காகப் பாராளுமன்றக் குழு கண்டித்தது. 2014-இல் இருதயச் சிகிச்சைக்குப்பின் பேட்டன் பதவி துறந்தார். அவ்வாண்டே வத்திக்கானின் செய்தித் துறைகளைச் சீரமைக்கும் குழுவுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் தலைவரானார்.

2010 செப்டம்பரில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் பிரித்தானியாவுக்கு வந்தபோது, அரசின் சார்பில் ஏற்பாடுகளைக் கவனிக்கும்படி பிரதமர் கேமரன் இவரையே அமர்த்தினார். 1535-இல் புனித தாமஸ் மோர் மரண தண்டனை பெற்ற அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், பாராளுமன்றத்தின் இரு சபையாருக்கும் முன் திருத்தந்தை உரையாற்றினார். 2017-இல் எழுதிய வாழ்க்கை நினைவுகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் என்று பொருள்படும் தலைப்பைப் பேட்டன் சூட்டினார். கன்சர்வேட்டிவ் அமைச்சர் ஒருவருக்கு அத்தலைப்பு தோன்றியது ஈலிங் துறவியரின் கைவண்ணம் என்றே எண்ணுகிறோம்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். 2011 மார்ச் மாத இறுதியில், பாதிக்குப் பாதி என்ற சேர்க்கை விதி காலம் முடிந்து நீங்கியது. எட்டு விழுக்காடாயிருந்த கத்தோலிக்கர் அப்போது ஏறத்தாழ முப்பது விழுக்காடு. சில நாட்களுக்குள், ஏப்ரல் 2-ஆம் நாள் சனிக்கிழமை, அதே ஓமா நகரில், புதிதாகச் சேர்ந்த 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவர் வேலைக்குப் புறப்படத் தம் காரில் ஏறினார். அடியில் பொருத்தப்பட்டிருந்த குண்டு வெடித்தது. கொன்றவர்கள் அவருடைய சமயத்தாரே. கத்தோலிக்கர் படையில் சேர அஞ்ச வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

எண்கள் முப்பது விழுக்காட்டில் நின்றுவிடுமா, சரியுமா என்று எல்லாரும் அஞ்சிய வேளை அது. அந்த இளைஞரின் தாயார் தொலைக்காட்சியின் முன் வந்து அமர்ந்தார். கத்தோலிக்க இளைஞர்கள் இதற்காகப் படையில் சேராமல் இருந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான்கு நாட்கள் கழித்துப் பெரா என்னும் சிற்றூர்க் கோவிலில் அடக்கத் திருப்பலி நடந்தது. அதுவரை கத்தோலிக்கத் திருப்பலி எதிலும் கலந்துகொள்ளாதிருந்த புரோட்டஸ்டாண்டு முதலமைச்சர் பீட்டர் ராபின்சன் உள்ளே வந்து அமர்ந்தார். முன்னாளில் ஐ.ஆர்.ஏ. தலைவராயிருந்த துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸும் வந்திருந்தார். கோவிலுக்குச் செல்லும் வழியில் சவப்பெட்டியைக் கேலிக் விளையாட்டுச் சங்கத் தோழர்கள் தோளில் சுமந்தார்கள். பாதி வழியில் காவலர்கள் முன்வந்தார்கள்; தோழர்கள் பெட்டியை அவர்கள் தோளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.